நெய்ப்பந்தம் பிடித்தவர்களெல்லாம் காலமான கதை

ஒரு காலத்தில் நான் மனப்பூர்வமாக நம்பிய முட்டாள்தனம் இது: கம்ப்யூட்டருக்கு ஒரு விதியை எழுதிக் கொடுத்துவிட்டால், கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் கூர்க்கா மாதிரி அது நிற்கும். தப்பான ஆள் வந்தால் கம்பை நீட்டித் தடுக்கும். சரியான ஆளை மட்டும் உள்ளே விடும். நாம் நிம்மதியாக உள்ளே போய்ப் பந்தியில் உட்காரலாம்.

உண்மையில் அது கூர்க்கா இல்லை. மண்டபத்துக்குள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரைப் பார்த்து, "ஓகோ, இவன் கையில மாலை இருக்கு. அப்ப இவன்தான் மாப்பிள்ளை" என்று முடிவு கட்டும் ஒரு பெரிய மனிதர். யாரையும் தடுக்காது. யாரைப் பற்றியும் சந்தேகப்படாது. முடிவு மட்டும் கட்டும்.

இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததால், தொண்ணூற்றொன்பதாம் வருடம் பங்குனி உத்திரத்தன்று, பட்டப்பகல் பதினோரு மணிக்கு, எங்கள் சாஸ்தா கோவில் வாசலில், உயிரோடு இருந்த ஒரு கூட்டத்தையே மைக் வைத்துச் சாகடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். (வாத்தியார் என்றால், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று சொல்லிக் கொடுப்பவர். எப்படிப் போடுவது என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.) ஆனால் என் மனதுக்குள் நான் ஒரு விஞ்ஞானி. அதற்குக் காரணம் என் சேக்காளி சாகுல். மேலப்பாளையத்துக்காரன். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதியவன். (சரி, நான்தான் அவனைப் பார்த்து எழுதினேன்.) பெங்களூரில் பெரிய வேலையில் இருந்தான். அவன் ஒருநாள் கூரியரில் ஒரு கட்டுக் காகிதமும் இரண்டு பிளாப்பியும் அனுப்பி வைத்தான்.

காகிதத்தில் இருந்தது, இன்டர்நெட்டில் கிடக்கும் தகவலையெல்லாம் கம்ப்யூட்டருக்கே புரிகிற மாதிரி எழுதுவது எப்படி என்று வெளிநாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு வரைவு. ஆர்.டி.எஃப். என்று பெயர். பிளாப்பியில் இருந்தது, அந்த முறையில் எழுதியதைப் படித்துப் பார்க்கும் ஒரு புரோகிராம். அதை எழுதியது சாகுலேதான்.

விஷயம் எளிமையானது. உலகத்தில் உள்ளதையெல்லாம் வகைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். மாடு ஒரு வகை. கன்றுக்குட்டி ஒரு வகை. அப்புறம் பண்புகள். 'ஈன்றது' என்பது ஒரு பண்பு. இந்தப் பண்பு எந்த வகைக்கு உரியது? மாட்டுக்கு. அப்படி எழுதி வைப்பதற்கு டொமைன் என்று பெயர். அது எந்த வகையைச் சுட்ட வேண்டும்? கன்றுக்குட்டியை. அதற்கு ரேஞ்ச் என்று பெயர். அவ்வளவுதான்.

நான் புரிந்துகொண்டது என்னவென்றால், இப்படி எழுதி வைத்த பிறகு எவனாவது வந்து "பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கன்று ஈன்றார்" என்று தகவல் கொடுத்தால், கம்ப்யூட்டர் சிவப்பெழுத்தில் திட்டி அனுப்பிவிடும். வரைவில் அப்படித்தான் இருந்தது. சத்தியமாக. பிழை பிடிக்கும் புரோகிராம்கள் இதை வைத்துப் பிழை பிடிக்கலாம் என்று இருந்தது. அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. எனக்கும் அந்த இடத்தில் தூக்கம் வந்தது.

இப்போது கோவிலுக்கு வருவோம். எங்கே பிழைக்கப் போனாலும் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தாவின் கோவிலுக்கு வந்து சேர்வது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் சாஸ்தா தாமிரபரணியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலுக்குப் பக்கத்தில், வயலுக்கு நடுவில், கூரைகூட இல்லாமல் இருக்கிறார். கோவில் குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளர் பரமசிவம் அண்ணாச்சி. டவுனில் ஜவுளிக்கடை. அவருக்கு அந்த வருடம் ஒரு யோசனை வந்தது.

"ஏலே கணபதி, நம்ம கோவில் குடும்பத்துல மறைஞ்சுபோன பெரியவிய எல்லார் பேரையும் வரிசையா மைக்குல வாசிச்சு, ஆளுக்கொரு அகல் வெளக்கு ஏத்தணும். பேரெல்லாம் தேடி எடுத்துத் தாரியா? ஒங்கிட்டதான் அந்த மிசினு இருக்கே."

"எடுத்துருவோம் அண்ணாச்சி. ஒரு பிழையில்லாம."

(கணபதி என்பது நான். எங்கள் அப்பாவுடைய அப்பாவும் கணபதி. எங்கள் கோவில் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தே ஆக வேண்டும். அதனால் எந்த வீட்டிலும் ஒரே பெயரில் குறைந்தது இரண்டு பேர் உண்டு. ஒருவர் சுவரில் மாலையோடு, இன்னொருவர் அதற்குக் கீழே பேப்பர் படித்துக்கொண்டு.)

பெயர்களைத் திரட்டப் படிவம் அச்சடித்தேன். முன்னோர் பெயரைக் கேட்டால் எவனுக்கும் தெரிவதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் மறப்பதில்லை என்று கண்டுபிடித்தேன். தாத்தா ஆச்சி இறந்தால் பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி நிற்க வேண்டுமல்லவா? சின்ன வயதில் அப்படி நின்றவனுக்கு அது சாகும்வரை மறக்காது. கையில் சூடாக நெய் சொட்டியிருக்கும். அதனால் படிவத்தில் கேட்டேன்: 'தாங்கள் யார் யாருக்கு நெய்ப்பந்தம் பிடித்தீர்கள்? அவர்கள் மறைந்த நாள் எது?'

என்னுடையதையும் சேர்த்துப் படிவங்கள் கொட்டின. நான் நோட்டை எடுத்து வகைகளையும் பண்புகளையும் எழுத உட்கார்ந்தேன். 'மறைந்தவர்' ஒரு வகை. 'உயிருள்ளவர்' ஒரு வகை. 'மறைந்த நாள்' ஒரு பண்பு, மறைந்தவருக்கு உரியது. அடுத்து 'பந்தம்' என்று ஒரு பண்பு. பந்தம் யாருக்காக? செத்தவருக்காக. ஆக, டொமைன் மறைந்தவர். பிடித்தது யார்? பேரன். ஆக, ரேஞ்ச் உயிருள்ளவர். எழுதிவிட்டு நானே என்னைத் தட்டிக் கொடுத்தேன்.

அப்புறம் படிவங்களை உள்ளே ஏற்றினேன். படிவத்தில் முதலில் இருப்பது, அதைப் பூர்த்தி செய்தவர் பெயர். ஆகவே ஏற்றும்போது, 'ஆவுடையப்பன் – பந்தம் – அவருடைய தாத்தா' என்று ஏற்றினேன். அதாவது, விதியை ஒரு திசையில் எழுதிவிட்டுத் தகவலை எதிர்த் திசையில் ஓட்டினேன். ஒருவழிப் பாதையில் எதிரே லாரியை ஓட்டுவது போல. ஆனால் தப்பாக வந்தால்தான் கூர்க்கா தடுப்பானே! அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை படிவத்துக்கும் ஒரு பிழைச் செய்திகூட இல்லை. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சாகுலுக்குப் போன் போட்டு, "உன் புரோகிராம் தங்கம்ல" என்றேன்.

'மறைந்தவர் யார் யார்?' என்று கேட்டேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச் கிறீச் என்று பதினோரு பக்கம் துப்பியது. எதிர்பார்த்ததைவிட அதிகம்தான். நம் முன்னோர் எவ்வளவு பேர் என்று பெருமைப்பட்டேன். ஆங்கில எழுத்து வரிசையில் பெயர், பக்கத்தில் ஆள் அடையாளம். முதல் பெயரைப் பார்த்தேன். அருணாசலம், பண்ணை. எங்கள் கொள்ளுத் தாத்தாவின் தம்பி. செத்து அறுபது வருடம். மிகச் சரி. மடித்து வைத்துவிட்டேன்.

உத்திரத்தன்று காலையில் பரமசிவம் அண்ணாச்சி கேட்டார். "ஏலே, முழுக்க ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிட்டியா?"

"கம்ப்யூட்டரே பாத்துட்டு அண்ணாச்சி."

"நீ பாத்தியாடே?"

"அது பாத்தப்பறம் நான் பாத்தா, அதுக்கு மரியாதையா இருக்காதுல்லா?"

(இப்படிப் பேசியவனை அன்றைக்கே வாய்க்காலில் தள்ளியிருக்கலாம்.)

அன்றைக்கு நான் இப்படி மிதந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்குப் பெண் பார்த்து முடிந்திருந்தது. பெண் பெயர் கோமதி. பள்ளிக்கூட டீச்சர். சித்திரை பிறந்ததும் நிச்சயதாம்பூலம். பெண்ணுடைய அப்பா வேலாயுதம் மாமா ஒரு நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு செய்கிறவர். எதையும் இரண்டு தடவை கேட்டு, மூன்று தடவை எழுதிப் பார்ப்பவர். ஜாதகத்தை நான்கு பேரிடம் காட்டியவர். பூனை குறுக்கே போனால் பூனை திரும்பி வரும்வரை நிற்பவர். அவர் தங்கள் சாஸ்தாவை விடியலிலேயே கும்பிட்டு முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சாஸ்தாவையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் கோவிலுக்கு வந்திருந்தார். "மாப்ள மைக்குல வாசிக்கப் போறாராமே" என்று முன்வரிசையில் நின்றார். கோமதி மஞ்சள் சேலை. நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதாம்.

பதினோரு மணிக்கு மைக்கைப் பிடித்தேன். சாமிக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் சந்நிதியைப் பார்த்து நின்றேன். கூட்டம் எனக்குப் பின்னால். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வயல் வெளியைப் பார்த்துக் கத்தியது. ஏற்பாடு என்னவென்றால், நான் பெயரை வாசிக்க வேண்டும். அந்த வீட்டு ஆள் ஒருவர் முன்னால் வந்து ஒரு அகல் விளக்கை ஏற்ற வேண்டும்.

"அருணாசலம், பண்ணை."

விளக்கு ஏறியது.

"அருணாசலம், போஸ்ட் ஆபீஸ்."

பின்னால் யாரோ இருமினார். விளக்கு ஏறவில்லை. போகட்டும், குடும்பத்தார் வரவில்லை போலிருக்கிறது. நான் குரலில் கொஞ்சம் உருக்கம் சேர்த்தேன்.

"ஆவுடையப்பன், ரைஸ்மில்."

ஒரு விளக்கு உடனே ஏறியது. பின்னால் 'ஆ' என்று ஒரு சத்தம். உருகுகிறார்கள் என்று நினைத்தேன்.

"சிதம்பரம், பம்பாய்."

ஒரு பெண் "ஐயையோ!" என்று அலறினாள். அப்புறம் அழுகைச் சத்தம். (சிதம்பரத்துக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவன் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தான். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.) என் உடம்பெல்லாம் புல்லரித்தது. என் குரலுக்கு இவ்வளவு சக்தியா? என்றைக்கோ மறைந்தவருக்காக இன்றைக்கு ஒரு பெண் கதறி அழுகிறாள் என்றால், வாசிப்பவனிடம் விஷயம் இருக்கிறது. நான் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்து வாசித்தேன். பின்னால் சத்தம் கூடிக்கொண்டே போனது. யாரோ ஓடினார்கள். யாரோ விழுந்தார்கள். யாரோ "நிறுத்துல" என்றார்கள். பிள்ளைகளை அதட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் சத்தமாக வாசித்தேன்.

"கணபதி, கம்ப்யூட்டர்."

ஸ்பீக்கர் அதை வயல் வெளிக்கெல்லாம் சொன்னது.

இந்த இடத்தில் பின்னால் சத்தம் அப்படியே நின்றது. அதனால்தான் திரும்பினேன். எங்கள் அப்பா விளக்கு வரிசைக்குப் பாதி வழியில் நின்றுகொண்டிருந்தார். கையில் எரியும் தீக்குச்சி. 'கணபதி' என்றதும் தன்னுடைய அப்பாவுக்கு என்று நினைத்துக் கிளம்பியிருக்கிறார். 'கம்ப்யூட்டர்' என்றதும் நின்றிருக்கிறார். குச்சி விரலைச் சுடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் மாமா கையில் வைத்திருந்த பழத்தட்டிலிருந்து ஒரு மாம்பழம் உருண்டு கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

அதே நேரம் ரைஸ்மில் ஆவுடையப்பன் அண்ணாச்சி, இறந்து கால் மணி நேரம் ஆகியும், கூட்டத்தை இரண்டு கையாலும் பிளந்துகொண்டு மேலே வந்தார்.

"ஏலே! நான் இங்கன நிக்கேன்ல! பாத்தியா? நிக்கேன்லா?"

"நிக்கிய அண்ணாச்சி."

"பின்ன எதுக்குல வாசிச்ச? நீ வாசிச்சதுகூடப் பெருசில்ல. நீ வாயை மூடுமுன்ன எம் மச்சினன் வெளக்கு ஏத்திட்டான்ல! எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருந்தானோ!"

நான் என்ன செய்தேன் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மைக்கைச் சாஸ்தா காலடியில் வைத்துவிட்டு ஓடினேன். வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கே ஓடுகிறோம் என்ற யோசனையே இல்லை. வயல் பக்கம் ஓடினால் ஊரே பார்க்கும் என்று சமையல் கொட்டகைக்குள் புகுந்து, சாம்பார் அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இதயம் நின்றுவிடும் என்று தோன்றியது. நின்றால் பட்டியல் சரியாகிவிடுமே என்றும் தோன்றியது.

சமையல்காரர் அகப்பையோடு எட்டிப் பார்த்தார். ஸ்பீக்கர் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

"என்ன தம்பி, செத்துட்டியளாமே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

"செரி, தள்ளி உக்காருங்க. சாம்பார் தெறிக்கும்."

அங்கேயிருந்துதான் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். புளியமரத்தடியில் விசாரணை. பரமசிவம் அண்ணாச்சி காகிதக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயர் இருக்கிறதா என்று 'பி' எழுத்துப் பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார். இருந்தது. கட்டை வேலாயுதம் மாமா கையில் திணித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சிதம்பரத்தின் பொண்டாட்டி, ஈரத் துண்டோடு நின்ற அவன் கையை விடவே இல்லை. கடைசியில் வேலாயுதம் மாமாதான் தொண்டையைக் கனைத்தார். இறப்பு எழுதும் விஷயத்தில் அங்கே அவர்தான் அதிகாரி.

"மாப்ள, பதட்டப்படாம பைய சொல்லும். இவிய எல்லாம் செத்துட்டாவன்னு ஒம்மகிட்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. அதுவா முடிவு பண்ணிட்டு."

"எத வச்சி முடிவு பண்ணிச்சு?"

"நெய்ப்பந்தம் பிடிச்சத வச்சி."

"பந்தம் பிடிச்சவன் செத்தவனா? யாருக்குப் பிடிச்சானோ அவரு செத்தவரா?"

"அவருதான் செத்தவரு. ஆனா நான் டொமைனை..."

"அத விடும். எங்க ஆபீஸ்ல ஒரு ஆளைச் செத்ததா எழுதணும்னா டாக்டர் சீட்டு வேணும், சாட்சி வேணும், சொந்தக்காரன் வந்து கையெழுத்துப் போடணும். நீரு என்ன செஞ்சிருக்கேரு? சுடுகாட்டுக்கு வந்து நின்னவன் பூராத்தையும் பொணம்னு எழுதிப்புட்டேரு. நானும் இப்பிடி எழுத ஆரம்பிச்சேன்னா டவுனுல ஒருத்தன் மிஞ்சுவானா?"

"அப்ப எங்க தாத்தா?" என்று ஆவுடையப்பன் அண்ணாச்சி குறுக்கே வந்தார். "நான் அவருக்குத்தானே பந்தம் பிடிச்சேன். அவரு என்ன ஆனாரு?"

நான் இரண்டாவது பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். பந்திக்கு இலை எண்ணுவதற்காக எடுத்திருந்த 'உயிருள்ளவர்' பட்டியல். அதில் அவருடைய தாத்தா இருந்தார். மறைந்த நாள் எழுதியிருந்ததால் முதல் பட்டியலிலும் இருந்தார். செத்தும் இருந்தார், பிழைத்தும் இருந்தார். ஒருவர் இரண்டிலும் இருக்க முடியாது என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் கம்ப்யூட்டருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

"உயிரோட இருக்காராமா? எங்கன இருக்காரு? கூட்டிட்டு வால, பாப்போம். எங்கப்பா பாகம் பிரிக்கும்போது தெரிஞ்சிருந்தா எவ்வளவு ஒதவியா இருந்திருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் மாமா சிரிக்கவில்லை. பட்டியலை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். அப்பாவிடம் போய், தாழ்ந்த குரலில், "நல்ல நாளும் அதுவுமா இப்பிடி ஆயிட்டு. நாங்க வீட்டுல போய்ப் பேசிக்கிடுதோம்" என்றார். கோமதி என்னை ஒருமுறை பார்த்தாள். அதில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. இருவரும் வரப்பில் நடந்து போய்ப் பஸ் ஏறினார்கள்.

'வீட்டில் போய்ப் பேசிக்கொள்கிறோம்' என்றால் என்ன அர்த்தம் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்த மாம்பழத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சாகுலைக் கூப்பிட்டேன்.

"ஏலே சாகுல், உன் புரோகிராம் ஏன்ல தடுக்கல?"

"எதைத் தடுக்கணும்?"

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. எனக்காக வருத்தப்படுகிறான் என்று நினைத்தேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறான்.

"கணபதி, நான் அனுப்பினது பிழை பிடிக்கிற புரோகிராம் இல்லல. ஊகிக்கிற புரோகிராம். டொமைன் மாடுன்னு எழுதி வச்சிட்டு, 'எங்க செயலாளர் கன்னு ஈன்னாரு'ன்னு நீ தகவல் குடுத்தேன்னு வையி. அது ஒன்னை மறுத்துப் பேசாது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், அப்ப செயலாளர் மாடுதான்னு முடிவு பண்ணிக்கிடும். அதான் அதோட வேலை. வரைவுல அடுத்த பக்கத்துல அது இருந்திச்சே, படிக்கலியா?"

அடுத்த பக்கம். அங்கேதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அன்றிரவே இரண்டு சொற்களை இடம் மாற்றினேன். டொமைனில் இருந்ததை ரேஞ்சுக்கும் ரேஞ்சில் இருந்ததை டொமைனுக்கும். அவ்வளவுதான் வேலை. நூற்றுச் சொச்சம் பேர் ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்தார்கள். என் கல்யாணம் மட்டும் எழவில்லை.

ஒன்பது நாள் தகவலே இல்லை. எதிர்வீட்டில் போன் அடித்தால் ஓடிப்போய் வாசலில் நிற்பேன். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். தீக்குச்சி சுட்ட விரலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் அதை மட்டும் காட்டிக்கொண்டு திரிந்தார். நான் வேலாயுதம் மாமாவுக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். வகை என்றால் என்ன, பண்பு என்றால் என்ன, வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இதை அனுப்பினால் கல்யாணம் மட்டுமல்ல, ஜாமீனும் கிடைக்காது என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன்.

பத்தாம் நாள் பயம் தாங்காமல் அவருடைய ஆபீஸுக்கே நேரில் போய்விட்டேன். வேலாயுதம் மாமா மேசையில் என்னுடைய பதினோரு பக்கத்தையும் விரித்து வைத்து, சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் பேசினார்.

"வாரும், வாரும். இத பாத்தேரா? ஒம்ம பட்டியல்ல நெசமாவே செத்தவியள்ல, எங்க எல்லைக்குள்ள செத்தது மாத்திரம் ஏழு பேரு. ஒருத்தரைக்கூட யாரும் வந்து பதியவே இல்ல வே! இருவத்தெட்டு வருசமா உக்காந்துருக்கேன், என் கண்ணுல படல. ஒன்பது நாளா பழைய ரெஜிஸ்டரப் புரட்டுதேன்."

முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மாமா... அந்த நிச்சயம்..."

"அது அன்னைக்கே பஸ்ஸுல பேசி முடிவாயிட்டே. ஒங்க அப்பாவுக்குக் கடுதாசி போடணும்னு இருந்தேன். இந்த ஏழு பேருல மறந்துட்டேன்."

"என்ன முடிவு மாமா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"உள்ளதச் சொல்லுதேன். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தன் சாவைத் தானே மைக்குல வாசிச்ச மாப்பிள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கோமதிதான் ஒத்துக்கிடல. 'எப்பா, அவ்வளவு கூட்டத்துல தன் பேரு வரும்போது யாரா இருந்தாலும் முழுங்கிட்டு அடுத்த பேருக்குப் போயிருப்பாவ. இவிய தாண்டல. இருக்கிறத இருக்கிறபடி வாசிச்சாவ. இப்பிடிப்பட்ட ஆளு வீட்டுல வந்து பொய் சொல்ல மாட்டாவ'ன்னா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. எழுதுத வேலைல இருக்கிறவனுக்கு வேற என்ன வேணும்?"

நான் அடக்கமாகத் தரையைப் பார்த்தேன்.

சித்திரையில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம். ஆவுடையப்பன் அண்ணாச்சி மணமேடை ஏறி வந்து, "தாலியக் கட்டுமுன்ன இவன் உயிரோட இருக்கானான்னு நாடியப் பாருங்க வே" என்றார். இன்றைக்கும் பங்குனி உத்திரத்தன்று காலையில் அவரிடமிருந்து போன் வரும். "ஏலே, நான் இருக்கேன். எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் தூங்கும்போது யாராவது என்னைக் கேட்டு வந்தால், என் பிள்ளைகள் கூசாமல், "அப்பா மறைந்தவர் பட்டியல்ல இருக்காவ, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கோமதி மட்டும் இந்தக் கேலியில் சேர்வதில்லை. யார் இந்தக் கதையை எடுத்தாலும், "என்ன இருந்தாலும் தன் பேரை முழுங்காம வாசிச்சாவல்லா" என்று கடைசியில் ஒரு வார்த்தை சொல்லுவாள். நானும் அப்போதெல்லாம் தரையைப் பார்ப்பேன்.

நடந்தது இதுதான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு என் குரலை நானே ரசித்துக்கொண்டிருந்ததால், வாசித்து முடிக்கும்வரை அது என் பெயர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முழுங்கியிருப்பேன்.